பழைய டீசல் பிக்கப் மிஸ் அடிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே இருப்பவை டாடா 207, பழைய மஹிந்திரா பிக்கப் போன்ற, கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கானவை. காமன் ரெயில் வண்டிக்காரர்கள் (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் போகும் வண்டி) கீழே அவர்களுக்கென்று இருக்கும் கேள்வியை முதலில் படித்துவிட்டு மற்றதைத் தொடவும். அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது.

மிஸ் அடிப்பது என்றால் சரியாக என்ன?

நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல், மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுவது. பெட்ரோல் வண்டியில் மிஸ்ஸிங் என்றதும் கை ஸ்பார்க் பிளக்குக்குப் போகும். டீசலில் அந்த வேலைக்கே இடமில்லை. காற்றை 17 முதல் 22 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரு சிலிண்டர் செத்துக் கிடக்கிறது என்றால் காரணம் மூன்றில் ஒன்று. டீசல் வரவில்லை, அல்லது தூறலாக வராமல் ஒழுகுகிறது. காற்று போதுமான அளவு அழுந்தவில்லை. அல்லது டீசல் வரும் நேரம் தப்பு.

இந்த மூன்றில் எது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தச் சிலிண்டர் என்று தெரிய வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்வதால்தான் பலர் நல்ல பம்ப்பைக் கழற்றிப் பம்ப் கடையில் கொடுத்து, பில்லையும் கட்டி, திரும்ப மாட்டிய பிறகும் அதே ‘டுக் டுக்’ சத்தத்தோடு நிற்கிறார்கள்.

நடுக்கம் இருந்தாலே மிஸ்ஸிங்தானா?

இல்லை. இஞ்சின் மவுண்டிங் ரப்பர் செத்துப்போனாலும் ஸ்லோவில் ஸ்டியரிங் ஆடும். ஐடிலை யாரோ மைலேஜுக்காக ரொம்பக் குறைத்து வைத்திருந்தாலும் ஆடும். இந்த இரண்டிலும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் நடுக்கம் அடங்கி, இஞ்சின் சத்தம் சீராக வரும். ஐடில் தானாக ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடினால் அது ஹன்டிங். பெரும்பாலும் டீசலில் காற்று கலந்திருக்கும், இல்லையென்றால் இஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் பம்ப் கவர்னரில் கோளாறு.

உண்மையான மிஸ்ஸிங்குக்கு ஒரு தாளம் உண்டு. ஐடில் 750 ஆர்.பி.எம். என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு ஏறத்தாழ 6 முறை எரிய வேண்டும். ஒன்று செத்துவிட்டால் அந்த ஆறு முறையும் இஞ்சின் இடறும். சைலன்சர் வாயில் ஒரு அங்குலம் தள்ளி ஒரு துண்டுக் காகிதத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நல்ல இஞ்சினில் காகிதம் ஒரே சீராகப் படபடக்கும். மிஸ் ஆகும் வண்டியில் இடையிடையே தளர்ந்து உள்பக்கம் சாயும். தாளம் தவறாமல் ஒரே இடைவெளியில் சாய்ந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர். கண்டபடி சாய்ந்தால் காற்று, தண்ணீர், அல்லது டீசல் வரத்துக் குறைவு.

புகையின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பாதி தூரம் போகலாம். வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு வந்தால், எரியாத டீசல் அப்படியே வெளியே போகிறது. அழுத்தம் குறைவான சிலிண்டர், ஒழுகும் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை), பின்தங்கிய டைமிங் எல்லாவற்றுக்கும் இதே புகைதான். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு; ஏர் பில்டரை முதலில் கழற்றித் தட்டிப் பாருங்கள். நீலம் என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்த அரை நிமிடம் வரும் வெள்ளைப் புகையை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். இஞ்சின் சூடான பிறகு வருவதுதான் கணக்கு.

எந்தச் சிலிண்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விடுங்கள். ஒவ்வொரு நாசிலுக்கும் பம்ப்பிலிருந்து ஒரு ஸ்டீல் பைப் வரும். நாசில் பக்கம் அந்தப் பைப் நட்டை, பெரும்பாலும் 17 அல்லது 19 நம்பர் ஸ்பானரில், அரைச் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்துங்கள். நட்டைச் சுற்றி டீசல் கசியும். அந்தச் சிலிண்டருக்குப் போக வேண்டிய டீசல் வெளியே வந்துவிடுகிறது.

இப்போது காதைத் தீட்டுங்கள். நட்டைத் தளர்த்தியதும் இஞ்சின் தொய்ந்து, நடுக்கம் கூடினால் அந்தச் சிலிண்டர் அதுவரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையோ அதுதான் செத்த சிலிண்டர். மாற்றம் கொஞ்சமாக இருந்தால் அது சாகவில்லை, பலவீனமாக ஓடுகிறது. தளர்த்தியதும் ஏற்கெனவே இருந்த ‘டங் டங்’ சத்தம் அடங்கினால், அந்த நாசில் டீசலைத் தூறாமல் கொட்டுகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றையும் பாருங்கள். தளர்த்திய நட்டில் டீசல் துடித்துத் துடித்து வருகிறதா, அல்லது வெறும் நுரையா, அல்லது வரவே இல்லையா? மற்ற மூன்றிலும் துடித்து வந்து இதில் மட்டும் வரவில்லை என்றால் நாசிலைக் கழற்ற வேண்டியதே இல்லை. கோளாறு பைப்பிலோ பம்ப்பிலோ இருக்கிறது.

கண்ணாடி போடுங்கள், கையில் கனமான துணி இருக்கட்டும், சைலன்சர் மானிஃபோல்டில் (இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) டீசல் விழாமல் பழைய துணி ஒன்றை அடியில் கொடுங்கள். எந்தக் காரணம் கொண்டும் பீய்ச்சும் இடத்துக்கு நேரே விரலை நீட்ட வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் ஊசி குத்திய மாதிரிதான் இருக்கும், வலிகூடப் பெரிதாகத் தெரியாது. சில மணி நேரத்தில் விரல் வீங்கிக் கறுத்துவிடும். அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிகிறதே என்று வீட்டில் மருந்து போட்டுக்கொண்டிராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போய், டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நட்டைத் தொட பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் விட்டு, அதே சைலன்சர் மானிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். எரியும் சிலிண்டரில் சொட்டு சுர்ரென்று ஆவியாகும், செத்ததில் உருண்டு வழியும். சூட்டை அளக்கும் துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் மீட்டர் இருந்தால் இன்னும் வசதி. ஆனால் ஐந்து நிமிடம் கழித்துப் போனால் பக்கத்துச் சிலிண்டரின் சூடு பரவி எல்லாம் ஒன்றாகக் காட்டும்.

மூன்றாம் சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. உடனே புது நாசில் வாங்கிவிடலாமா?

பொறுங்கள். முதலில் இடம் மாற்றிப் போடுங்கள். 3-ல் இருப்பதைக் கழற்றி 1-லும், 1-ல் இருப்பதை 3-லும் மாட்டி, மறுபடி அதே நட்டு சோதனை. பொதுவாக ஃபேன் பக்கம் இருப்பதுதான் 1. கோளாறு நாசிலோடு 1-க்கு வந்துவிட்டால் நாசில்தான், சந்தேகமே இல்லை. கோளாறு 3-லேயே உட்கார்ந்திருந்தால் நாசில் நிரபராதி. அழுத்தம் அல்லது பம்ப் பக்கம் போக வேண்டும். ஒரு பைசா செலவில்லாத சோதனை. செப்பு வாஷருக்கான காசு மட்டும் உண்டு.

அந்த வாஷரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நாசிலுக்கு அடியில், ஹெட்டின் குழிக்குள், ஒரு செப்பு வாஷர் இருக்கும். நாசிலை உருவும்போது பல நேரம் அது கூடவே வராமல் குழிக்குள் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் கரி படிந்து, டார்ச் அடித்தாலும் குழியின் தரை மாதிரியே தெரியும். பார்க்காமல் புது வாஷரைப் போட்டு மாட்டினால் வாஷர் இரண்டாகி, நாசில் மேலே எழும்பி நிற்கும். டீசல் விழ வேண்டிய இடம் தவறி, நல்ல நாசிலும் கெட்ட நாசில் மாதிரி ஓடும். எடுத்த நாசில்கள் நாலு, வெளியே வந்த பழைய வாஷர் நாலு என்று எண்ணிவிட்டுத்தான் அடுத்த வேலை.

நாசிலைக் கழற்றும் முன்பே அதன் அடியில் பாருங்கள். கறுப்பாகத் தார் மாதிரிப் பிசின் கசிந்து இறுகியிருந்தால் வாஷர் வழியாக அழுத்தம் வெளியேறுகிறது. ஐடிலில் காதை வைத்துக் கேட்டால் ‘புஸ் புஸ்’ என்று தாளமாகக் கேட்கும். சில வண்டிகளில் மிஸ்ஸிங்குக்கு இது மட்டுமே காரணம். குழியைச் சுத்தம் செய்து புது வாஷர் போட்டு, கிளாம்ப் நட்டுகளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினால் முடிந்தது.

நாசிலைக் கடையில் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

டெஸ்டரில் மாட்டி உங்கள் கண் முன்னால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எத்தனை பாரில் (அழுத்தத்தின் அளவு) திறக்கிறது? டைரக்ட் இஞ்செக்‌ஷன் வண்டிகளில் (டீசலை நேரே பிஸ்டன் மேல் பீய்ச்சுபவை) பொதுவாக 180 முதல் 250 பார் வரை, டீசலை முதலில் ஒரு சின்ன அறைக்குள் பீய்ச்சும் பழைய சேம்பர் இஞ்சின்களில் 120 முதல் 150 பார் அளவில் இருக்கும். உங்கள் இஞ்சினுக்கான எண்ணைக் கடைக்காரர் புத்தகத்தில் பார்த்துச் சொல்வார். தூறல் பனி மாதிரிச் சிதறுகிறதா, இல்லை கோடாகப் பாய்கிறதா? திறக்கும் அழுத்தத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்து வைத்தால் நுனியில் சொட்டுக் கட்டாமல் நிற்கிறதா? சொட்டினால் நாசில் மாற்ற வேண்டியதுதான். அழுத்தம் மட்டும் குறைவு என்றால் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

ஒன்றை மட்டும் மாற்றி மற்ற மூன்றையும் பழைய அழுத்தத்திலேயே விட்டால் நாலும் நாலு விதமாக ஓடும். நாலையும் ஒன்றாக டெஸ்ட் செய்து ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான் முறை. பழைய மெக்கானிக்குகள் இன்னும் ‘மைக்கோ நாசில்’ என்றே கேட்பார்கள். 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-ல் பெயர் மாறி பாஷ் லிமிடெட் ஆகிவிட்டது. பெட்டியின் மேல் பாஷ் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். டூப்ளிகேட் நிறையப் புழங்கும் சாமான் இது. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

நுனியில் கரி இருந்தால் பித்தளை பிரஷ் போதும். துளைக்குள் கம்பி விட்டுக் குடையும் ஆளிடம் கொடுக்க வேண்டாம். அந்தத் துளைகள் மிக நுண்ணியவை.

அண்ணே, ஒரு நாள் நன்றாக ஓடுகிறது, ஒரு நாள் மிஸ் அடிக்கிறது. ஒரே சிலிண்டர் என்றும் சொல்ல முடியவில்லை. என்னவாக இருக்கும்?

காற்று, தம்பி. பழைய பிக்கப்களில் நாசிலுக்கு அடுத்தபடி அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு இதுதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துப் பெரிய பம்ப்புக்குக் கொடுக்கும் சின்னப் பம்ப்) வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பாதையில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை, ஆகவே லீக் இல்லை என்று நம்பிவிடுகிறோம்.

கண்டுபிடிக்க ஒரு முழம் டிரான்ஸ்பரன்ட் டீசல் ஓஸ் போதும். ஃபீட் பம்ப்புக்கு வரும் ரப்பர் ஓஸுக்குப் பதில் தற்காலிகமாக அதை மாட்டி, இஞ்சினை ஓட விட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் நாலைந்து குமிழி வருவது சகஜம். இரண்டு மூன்று நிமிடம் கழிந்தும் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால் காற்று புகுகிறது. பிறகு டேங்க் பக்கமாக ஒவ்வொரு மூட்டாகப் பின்னால் போங்கள். வெடித்த ரப்பர் ஓஸ், தளர்ந்த கிளிப், பில்டர் மாற்றும்போது பிசகி உட்கார்ந்த ரப்பர் வளையம், கையால் அடிக்கும் பிரைமரின் வாஷர் எல்லாம் வழக்கமான ஆட்கள்.

எளிதில் சிக்காதது டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய். அது துருப்பிடித்து நடுவில் ஊசித் துளை விழுந்திருந்தால், டேங்க் நிரம்பியிருக்கும் வரை துளை டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும், வண்டி ராஜா மாதிரி ஓடும். டீசல் பாதிக்குக் கீழே இறங்கியதும் துளை வெளியே வந்து காற்றை உறிஞ்சத் தொடங்கும். ‘டேங்க் ஃபுல் பண்ணினால் சரியாகிவிடுகிறது’ என்று யாராவது சொன்னால் நேரே அந்தக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். டேங்கை ஓரங்கட்டிவிட்டு, ஒரு கேனில் டீசல் எடுத்து அதிலிருந்து நேரே ஓஸ் கொடுத்து ஓட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். கேனில் மிஸ் இல்லை என்றால் கோளாறு பின்பக்கம்.

காற்றை எப்படி எடுப்பது?

பில்டர் தலையில் இருக்கும் பிளீடர் ஸ்குரூவைத் தளர்த்தி, பிரைமரைக் கையால் அடியுங்கள். முதலில் நுரை, பிறகு குமிழி, கடைசியில் முழு டீசல் வரும். பிரைமர் அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள். பம்ப்பிலும் பிளீடர் இருந்தால் அதற்கும் அப்படியே. அப்புறமும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நாசில் பக்கம் நட்டுகளைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிக்க, டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். செல்ஃபைத் தொடர்ந்து 10, 15 விநாடிக்கு மேல் அடிக்காமல் இடைவெளி விடுங்கள். மோட்டார் சூடாகிக் கருகிவிடும்.

தினமும் காலையில் பிரைமர் அடித்தால்தான் வண்டி எழுகிறது என்பது பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. எங்கோ காற்று புகுகிறது, அல்லது வால்வு ஒன்று டீசலைப் பிடித்து வைக்காமல் டேங்குக்குத் திரும்ப விடுகிறது.

டீசலில் தண்ணீர் இருந்தால் எப்படித் தெரியும்?

பில்டர் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகக் கோடு பிரிந்து நிற்கும். மழைக்காலத்திலும், டேங்கைப் பாதியாகவே வைத்து நிறுத்தும் வண்டிகளிலும் இது அதிகம். தண்ணீர் அடிக்கடி வந்தால் பில்டர் மாற்றினால் மட்டும் போதாது, டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும். நாசில் ஊசியும், பம்ப்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சரும் டீசலின் வழவழப்பை நம்பித்தான் ஓடுகின்றன.

அழுத்தம் குறைவு என்பதை எப்படி உறுதி செய்வது?

நாசிலை இடம் மாற்றியும் அதே சிலிண்டர் சாகிறது, பைப்பில் டீசலும் ஒழுங்காக வருகிறது என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். பெட்ரோல் வண்டி கேஜ் உதவாது. டீசலுக்கென்று 40 பாருக்கு மேல் அளக்கும் கேஜும், நாசில் குழியில் உட்காரும் அடாப்டரும் வேண்டும். நல்ல நிலையில் உள்ள இஞ்சினில் செல்ஃப் அடிக்கும்போது 25 முதல் 30 பார் அளவில் காட்டும். எண்ணைவிட வித்தியாசம் முக்கியம். மூன்று 27, ஒன்று 19 என்றால் ஆள் அகப்பட்டுவிட்டது. நாலும் 24 என்றால் வண்டிக்கு வயதாகியிருக்கிறது, ஆனால் மிஸ்ஸிங்குக்குக் காரணம் அதுவல்ல.

ஹெட்டைத் திறக்கும் முன் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி இல்லாமல் இறுகிப் போயிருந்தால் வால்வு முழுதாக மூடாது. குளிரில் சரியாக ஓடி, சூடானதும் மிஸ் அடிக்கும் வண்டியில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; சூட்டில் வால்வு நீண்டு, இருக்கும் கொஞ்ச இடைவெளியும் போய்விடுகிறது. ஃபீலர் கேஜும் அரை மணி நேரமும் இருந்தால் போதும். இதற்கு நேர்மாறாக, குளிரில் மிஸ் அடித்துச் சூடானதும் சரியாகும் வண்டியில் பிஸ்டன் ரிங் தேய்மானம் அல்லது ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்.

அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர், அதாவது 2-உம் 3-உம், சேர்ந்து விழுந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி வருவது வழக்கம். மூடியையே தள்ளிவிடுகிற மாதிரித் தாளத்தோடு புகை அடித்தால் ஒரு பிஸ்டன் ரிங் போய்விட்டது.

பெட்ரோல் மெக்கானிக்குகள் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடி அளப்பார்கள். டீசலில் அந்த வேலை வேண்டாம். டாடா 207 டிஐ இஞ்சின் 2,956 சிசி. ஒரு சிலிண்டருக்கு 739. 17-க்கு 1 என்று அழுத்தினால் மேலே மிஞ்சும் இடம் 46 சிசி சுமார்தான். அதில் தாராளமாக ஆயில் ஊற்றிவிட்டு செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும்.

காலையில் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் மிஸ் அடிக்கிறது. விட்டுவிடலாமா?

சேம்பர் இஞ்சின் என்றால் ஹீட்டர் பிளக்கில் ஒன்று செத்திருக்கும். ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் பல்ப் வழியாகப் பிளக்கின் தலையைத் தொடுங்கள். பல்ப் எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது. டைரக்ட் இஞ்செக்‌ஷன் இஞ்சின்கள் நம் சமவெளிச் சூட்டில் ஹீட்டர் இல்லாமலே எழும். அவை மதுரையிலும் திருச்சியிலும் காலையில் மிஸ் அடித்தால் அழுத்தமோ நாசிலோ தளரத் தொடங்கிவிட்டது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அடித்தால் அவ்வளவு கவலை வேண்டாம்.

காலியாக ஓடும்போது சரி, லோடு ஏற்றி மலை ஏறினால் இடறுகிறது.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கேரளா பக்கம் போகிறவர்கள் கேட்கும் கேள்வி. இது பெரும்பாலும் மிஸ்ஸிங் இல்லை, டீசல் பட்டினி. பில்டர் அடைப்பு முதல் சந்தேகம். அடுத்தது டேங்க் மூடி. அதில் காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும். வண்டி திணறும் இடத்திலேயே நிறுத்தி மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் விடை கிடைத்துவிட்டது.

அப்படியானால் பம்ப்பை எப்போது கழற்றுவது?

மேலே சொன்ன எல்லாம் பார்த்த பிறகு. அதிலும் உங்கள் பம்ப் எந்த வகை என்று பாருங்கள். நாலு பைப்பும் ஒரே வரிசையில் மேலே நின்றால் இன்லைன். அதில் டீசலைத் தள்ளும் எலிமென்ட் சிலிண்டருக்கு ஒன்று தனித்தனியாக உண்டு. ஒன்று தேய்ந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் சாகலாம். பைப்புகள் வட்டமாகப் பின்னால் நின்றால் ரோட்டரி. அதில் ஒரே பிளஞ்சர்தான் நாலு சிலிண்டருக்கும் டீசல் அடிக்கிறது. அது தேய்ந்தால் நாலும் சேர்ந்து தளரும், குறிப்பாகச் சூடான பிறகு ஸ்டார்ட் ஆகாது. ரோட்டரி வண்டியில் ஒரே ஒரு சிலிண்டர் செத்திருக்கும்போது ‘பம்ப் போச்சு’ என்று யாராவது சொன்னால், பைப் கிளம்பும் இடத்தில் இருக்கும் டெலிவரி வால்வைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அது மட்டும் அங்கேயும் சிலிண்டருக்கு ஒன்று.

கழற்றத்தான் வேண்டும் என்றால், பம்ப்புக்கும் அது உட்காரும் இடத்துக்கும் சேர்த்து ஒரு கோடு கீறி வைத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் டைமிங் மாறி, ஒரு பக்கம் போனால் இடி மாதிரி நாக்கிங், மறுபக்கம் போனால் வெள்ளைப் புகை. பம்ப்பில் சீல் வைத்த ஸ்குரூ ஒன்று இருக்கும், அதிகபட்ச டீசல் அளவுக்கு. இழுவை வேண்டும் என்று அதைத் திருகியிருந்தால் கறுப்புப் புகையும் அதிகச் சூடும்தான் மிச்சம்.

என் வண்டி காமன் ரெயில். இதெல்லாம் பொருந்துமா?

நட்டைத் தளர்த்தும் சோதனையைச் செய்யவே கூடாது. ரெயிலில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். மேலே சொன்ன விரல் காயம் அதில் கையையே வாங்கிவிடும். ஸ்கேனர் மாட்டி, ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு கூட்டிக் குறைத்துக் கொடுக்கப்படுகிறது என்று பார்ப்பதும், ரிட்டர்ன் பைப்புகளில் தனித்தனி பாட்டில் மாட்டி எதில் டீசல் அதிகம் திரும்புகிறது என்று அளப்பதும்தான் அங்கே வழி. காற்று, தண்ணீர், டேப்பெட், கம்ப்ரஷன் பற்றிச் சொன்னவை அதற்கும் பொருந்தும்.

மண்ணெண்ணெய் கலந்தால் நாசில் சுத்தமாகும் என்கிறார்களே?

ஆகாது. மண்ணெண்ணெயில் வழவழப்பு குறைவு, பம்ப் தேயும். அதேபோல் ஸ்டார்ட் ஆகாத வண்டியின் ஏர் பில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவதும் வேண்டாம். ஹீட்டர் சூடாக இருக்கும்போது அது உள்ளேயே வெடித்துப் பிஸ்டனை உடைத்திருக்கிறது.

மிஸ் அடிக்கும் வண்டியை எவ்வளவு நாள் ஓட்டலாம்?

ஒர்க்‌ஷாப் வரை காலியாக மெதுவாக ஓட்டலாம். லோடு ஏற்றக் கூடாது. எரியாத டீசல் லைனரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, இஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருந்து டீசல் வாடை அடித்தால் அது நடந்துகொண்டிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் பேரிங் போகும். கோடாகப் பாய்ச்சும் நாசில் இன்னும் மோசம். ஒரே இடத்தில் எரிந்து எரிந்து பிஸ்டன் தலையில் ஓட்டை போட்டுவிடும். ஒரு நாசில் விலையில் முடிய வேண்டியது ஹெட் இறக்கும் வேலையாக வந்து நிற்கும்.

அடுத்த மாதம் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று). புகை டெஸ்டில் போய்விடுமா?

பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி)-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு ஹார்ட்ரிட்ஜ் என்ற புகை அளவில் 65 வரையும், பிஎஸ்4 வண்டிகளுக்கு 50 வரையும் அனுமதி. ஒரு சிலிண்டர் ஒழுகும் வண்டி இதைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது. நாசிலைச் சரிசெய்து, ஏர் பில்டரும் ஆயிலும் மாற்றி, ரெண்டு நாள் வழக்கமான ஓட்டத்தில் விடுங்கள். சைலன்சரில் படிந்த பழைய கரி வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். டெஸ்ட் அன்று காலையில் குளிர்ந்த இஞ்சினோடு வரிசையில் நிற்காமல், இஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டுப் போங்கள்.